மண்டாய்க்கு 100 வெள்ளி, மீதி எதற்கு?

இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு வாசகரின் சந்தேகத்துக்கு, அஸ்தியை எங்கே கரைப்பது என்று நான்கு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், சிங்கப்பூரில் நம் ஆட்கள் எல்லாருக்கும் இந்த விஷயத்தில் கேட்க நிறைய இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை என்று தெரிகிறது. அதனால் இந்த மாதம் சமையல், வாடகை, மாமியார் எல்லாம் காத்திருக்கட்டும். சாவு வீட்டுக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 84 வயது. புற்றுநோய், கடைசிக் கட்டம். வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறோம், தாதி வந்து போகிறார். இன்னும் சில வாரம்தான் என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் காஸ்கட் கம்பெனியை (இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் நிறுவனத்தை) கூப்பிடுவது என்று இப்போதே விசாரித்து வைக்கலாம் என்றால், "உயிரோடு இருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது" என்று அண்ணன் கத்துகிறார். நான் செய்வது தப்பா? விசாரிப்பதென்றால் என்ன கேட்க வேண்டும்?
ஈசூன் வாசகி

பதில்: தப்பில்லை அம்மா. அண்ணன் கத்துவதும் தப்பில்லை, அவருக்கு அழத் தெரியவில்லை, கத்துகிறார். விடுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். என் அப்பா போனது விடியற்காலை நான்கு மணிக்கு, மருத்துவமனையில். நானும் என் மைத்துனரும்தான் பக்கத்தில். யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாது. வார்டுக்கு வெளியே ஒருவர் கையில் ஓர் அட்டையைத் திணித்தார், அந்த எண்ணுக்கு அடித்தோம். "எல்லாம் சேர்த்து இவ்வளவு, நீங்கள் ஒன்றும் யோசிக்காதீர்கள்" என்றார்கள். நாங்களும் யோசிக்கவில்லை. மறுநாள் மண்டாய்த் தகனச்சாலையிலிருந்து திரும்பி வந்து குளிப்பதற்குள் பில் வந்துவிட்டது, சொன்ன தொகையைப் போல ஒன்றரை மடங்கு. கூடுதல் மின்விசிறிக்குத் தனி, இரண்டாவது பேருந்துக்குத் தனி, மாலைக்குத் தனி, அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டதற்குத் தனி, சடங்கு செய்த பண்டாரத்துக்குத் தனி. வீடு நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது அப்பா சாவுக்கு எவன் பேரம் பேசுவான்? கொடுத்தோம். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்லவும் முடியாது, நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த நிலைமை உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மண்டாய் அரசாங்கத் தகனச்சாலையில் எரியூட்டக் கட்டணம் பெரியவருக்கு 100 வெள்ளி, பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு 50 வெள்ளி. உங்கள் கைக்கு வரப் போகும் பில் சில ஆயிரம் வெள்ளி. இரண்டுக்கும் நடுவில் இருப்பதில் கொஞ்சம்தான் கட்டாயம்: மருத்துவரின் சான்று, உடலைக் கொண்டுபோக வண்டி, ஒரு சவப்பெட்டி. மற்றதெல்லாம் நம் ஆசை, நம் ஊர் வழக்கம், கொஞ்சம் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். ஆசைக்கும் வழக்கத்துக்கும் செலவு செய்யுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது எது என்று தெரிந்து செய்யுங்கள்.

இப்போது விசாரிப்பது. இரண்டு மூன்று நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள், அண்ணனுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. "பேக்கேஜ் எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு எல்லாரும் அழகான பதில் வைத்திருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேளுங்கள். பெட்டி, குளிப்பாட்டி உடுத்துவது, வண்டி, கூடாரம், நாற்காலி மேசை, மின்விசிறி, மண்டாய்க்குப் போகப் பேருந்து எத்தனை, பண்டாரமோ ஐயரோ அவர்களே அழைத்து வருவார்களா, சடங்குச் சாமான் யார் பொறுப்பு, மண்டாயில் நேரம் பதிவு செய்வது, அந்த 100 வெள்ளி உள்ளே அடக்கமா, மறுநாள் அஸ்தி எடுக்க யாராவது கூட வருவார்களா, கலசம், கடலுக்குப் போகப் படகு. ஒவ்வொன்றுக்கும் நேரே விலையை எழுதி வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிற ஆளை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தால் எவ்வளவு ஏறும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள், ஊரிலிருந்து யாராவது வரக் காத்திருக்கும்போது பில் ஏறுவது அங்கேதான்.

உடலைப் பாடம் செய்வது, எம்பாமிங் என்கிறார்களே, அது வேண்டுமா என்று கட்டாயம் கேட்பார்கள். காலையில் போய் மாலையிலேயே எடுப்பதென்றால் பெரும்பாலும் தேவைப்படாது. மறுநாள் மதியத்துக்கு மேல் வைக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும் என்றால், நம் ஊர் வெக்கைக்குச் செய்துகொள்வதுதான் நல்லது. பாடம் செய்யும் இடம் வைத்திருப்பவர்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. 2019ஆம் ஆண்டு கடைசியில் இங்கேயே ஒரு நிறுவனத்தில் உடல் மாறிப்போய், ஒரு குடும்பத்தின் பெரியவர் வேறொருவருக்குக் குறித்த நேரத்தில் எரியூட்டப்பட்டுவிட்டார். அதற்குப் பிறகு என் பழக்கம் என்னவென்றால், எங்கே போனாலும் பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்து, கையில் கட்டியிருக்கும் பெயர்ச்சீட்டையும் பார்க்கச் சொல்வேன். அழுதுகொண்டே பார்த்தாலும் சரி, பார்த்துவிட வேண்டும்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. எரியப் போகிற பெட்டி அது. பித்தளைக் கைப்பிடியும் பட்டு மெத்தையும் இரண்டு மணி நேரம் எல்லாரும் பார்ப்பார்கள், அப்புறம் சாம்பல். அப்பா வாழ்நாள் முழுக்க என்ன மாதிரிக் கட்டிலில் படுத்தாரோ அதற்கேற்ற பெட்டி போதும் என்பது என் கருத்து. பெண்கள் இறந்தால் குளிப்பாட்டப் பெண் பணியாளர் இருக்கிறாரா என்று கேட்பது அதைவிட முக்கியம், நிறையப் பேருக்கு அது கடைசி நிமிடத்தில்தான் ஞாபகம் வரும்.

அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, தரைத்தளத்தில் வைப்பதென்றால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். நிறுவனமே எடுத்துத் தரும், ஆனால் அன்றைக்கு அதே இடத்தில் கல்யாணத்துக்கு யாராவது பதிந்து வைத்திருந்தால் பக்கத்துப் புளோக்குக்குப் போக வேண்டிவரும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மண்டாயில் நேரம் கிடைப்பதும் அப்படித்தான். ராகு காலம், எமகண்டம் பார்த்துப் பண்டாரம் ஒரு நேரம் சொல்வார், மண்டாயில் காலியாக இருப்பது வேறு நேரமாக இருக்கும். இந்த இரண்டில் மண்டாய்தான் எப்போதும் ஜெயிக்கும். 2025இல் மண்டாய் வடக்குத் தகனச்சாலை என்று புதிதாக ஒன்றையும் திறந்திருக்கிறார்கள், அதனால் சொந்தக்காரர்களுக்குச் செய்தி அனுப்பும்போது "மண்டாய்" என்று மட்டும் போடாமல் எந்தக் கட்டடம், எந்த மண்டபம் என்று சேர்த்துப் போடுங்கள்.

முன்பணம் கட்டி வைக்கும் திட்டத்தை உங்களிடம் நிச்சயம் விற்கப் பார்ப்பார்கள். சில வாரத்துக்காக அதில் விழ வேண்டாம். விசாரித்துவிட்டு, தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டாமல் (அப்பா தண்ணீர் எடுக்கப் போனால் பார்த்துவிடுவார்) உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. அப்பாவிடம் பேசினீர்களா? அண்ணனுக்கும் உங்களுக்கும் இருக்கும் பயம் பல சமயம் பெரியவர்களுக்கு இருப்பதில்லை. என் பெரியம்மா ஒருவர், கேட்டதுமே எந்தச் சேலை, எந்தப் படம், யாரை உள்ளே விடக்கூடாது என்பது வரை பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

கேள்வி: ராத்திரி வீட்டிலேயே உயிர் போய்விட்டால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்? போலீஸ் வருமா?
புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: முதலில் மருத்துவர். வீட்டுக்கு வந்து பார்த்து, இறப்புக்கான காரணத்தைச் சான்றளிக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், இரவு நேரத்தில் சில நூறு வெள்ளி ஆகும். ஏற்கெனவே வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவக் குழு இருந்தால் அவர்களுக்கே போன் செய்யுங்கள். நோயாளியின் அடையாள அட்டை, பழைய மருத்துவ அறிக்கை, சாப்பிட்டுவந்த மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள், காரணத்தை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். மருத்துவர் வரும்வரை காஸ்கட் கம்பெனி உடலை எடுக்க விடாதீர்கள்.

காரணம் இதுதான் என்று மருத்துவரால் சொல்ல முடியாவிட்டால், அல்லது விழுந்தோ விபத்திலோ போயிருந்தால், போலீசுக்குத் தகவல் போகும், உடல் ஊட்ரம் சாலையில் இருக்கும் பிணவறைக்குப் போகும், மேற்கொண்டு மரண விசாரணை அதிகாரி முடிவு செய்வார். யாரையும் சந்தேகப்பட்டு நடப்பதில்லை, நடைமுறை அது. எல்லாருக்கும் அறுத்துப் பார்ப்பதும் இல்லை. உங்கள் குடும்பத்துக்கு அதில் மனவருத்தம் இருந்தால் விசாரணை அதிகாரியிடம் அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இறப்பைப் பதியப் போய் வரிசையில் நிற்பதெல்லாம் 2022 மே 29ஆம் தேதியோடு போய்விட்டது. மருத்துவர் சான்றளித்தாலே பதிவாகிவிடும். காகிதச் சான்றிதழும் இப்போது கிடையாது, "மை லெகசி" இணையத்தளத்தில் 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். கருமாதி வேலையில் இதை மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளையிடம் முதல் நாளே பொறுப்பைக் கொடுங்கள். வங்கி, மத்திய சேமநிதி, காப்புறுதி எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் எரிக்கும் வழக்கம் கிடையாது, புதைப்பதுதான். தாத்தாவைப் பிடாடாரியில் புதைத்தார்கள். அம்மாவும் "என்னை நெருப்பில் போட்டுவிடாதே" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சிங்கப்பூரில் இந்துக்களைப் புதைக்க இடம் இருக்கிறதா? நண்பர் ஒருவர் 15 வருடத்தில் தோண்டிவிடுவார்கள் என்கிறார், உண்மையா?
அங் மோ கியோ வாசகர்

பதில்: இடம் இருக்கிறது. 15 வருடம் என்பதும் உண்மைதான்.

இன்றைக்குச் சிங்கப்பூரில் புதைக்க இருக்கும் ஒரே இடம் சுவா சூ காங் இடுகாடு. அதில் இந்துக்களுக்கும் ஒரு பகுதி உண்டு. பெரியவருக்குக் கட்டணம் 940 வெள்ளி, பிள்ளைக்கு 420. 2007இலிருந்து கான்கிரீட் அறை மாதிரி வரிசையாக அமைத்த குழிகளில்தான் புதைக்கிறார்கள், நம் தாத்தா காலத்தில் பார்த்த மண்மேடு, சிமெண்டு மேடை, பக்கத்தில் ஒரு செம்பருத்திச் செடி என்பதெல்லாம் இனிமேல் கிடையாது. 1998இல் வந்த கொள்கைப்படி ஒரு சமாதி 15 ஆண்டுதான் இருக்கும். அதற்குப் பிறகு தோண்டி எடுப்பார்கள். எடுத்த மிச்சத்தை எரியூட்டுவார்கள், மதத்தில் எரிக்கக் கூடாது என்று இருந்தால் சிறிய இடத்தில் மறுபடி புதைப்பார்கள். முஸ்லிம் அன்பர்கள் இரண்டு பேரும் இதையே கேட்டிருந்தார்கள். உங்களுக்கு எரியூட்டல் என்ற பேச்சே இல்லை, கபரிலிருந்து எடுத்ததை வேறு இடத்தில் சேர்த்து அடக்கம் செய்வார்கள். அடக்கக் கட்டணமும் வேறு, பெரியவருக்கு 315 வெள்ளி.

இனி உங்கள் அம்மா விஷயம். "நெருப்பில் போடாதே" என்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கும். வீரசைவர், பண்டாரம் போன்ற குடும்பங்களில் அது சமய வழக்கம், அங்கே பேச்சுக்கே இடமில்லை, புதைத்துத்தான் ஆக வேண்டும். அப்படியானால் 15 ஆண்டு கழித்து மறுபடி புதைக்கக் கேட்கும் உரிமை பற்றிச் சுற்றுப்புற வாரியத்திடம் இப்போதே பேசி வையுங்கள். சில பேருக்கு அது வெறும் பயம், சுடும் என்ற பயம். சில பேருக்குப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும், பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறையாவது பூ வைக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுடையது மூன்றாவது வகை என்றால், மண்டாயில் ஓர் அஸ்தி மாடம் 15 வருடத்துக்கு மேலும் இருக்கும் என்பதைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் வேண்டாம் என்றால் வேண்டாம். சுவா சூ காங்குக்கே போங்கள், 15 வருடம் கழித்து நடக்கப் போவதற்காக இன்றைக்கு அவர் மனதைக் கலைக்க வேண்டாம். ஆனால் தோண்டும் விஷயத்தை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், 15 ஆண்டு கழித்துக் கடிதம் வரும்போது உங்களுக்கே எண்பது ஆகியிருக்கலாம்.

தாத்தா இருந்த பிடாடாரிச் சமாதிகளையும் 2000களில் தோண்டி எடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள். உங்கள் தாத்தாவை அப்போது யார் வாங்கிக்கொண்டார், எங்கே வைத்தார் என்று உங்கள் சித்தப்பா பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பாதிக் குடும்பத்தில் பதில் இருக்காது.

கேள்வி: நாங்கள் இரண்டு பெண்கள்தான். அப்பாவுக்குக் கொள்ளி யார் போடுவது என்று இப்போதே பெரியப்பா வீட்டில் பேச்சு. அவர் மகன் போடட்டுமாம். அந்த அண்ணன் அப்பாவைப் பார்க்க வந்து ஆறு வருடமாகிறது. நாங்களே செய்யலாமா? மண்டாயில் அனுமதிப்பார்களா?
பொங்கோல் வாசகி

பதில்: மண்டாயில் கொள்ளி போடுவது ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கமாட்டார்கள் தங்கச்சி. உலையை இயக்குவது அங்கே பணியாளர். நம் பக்கத்துச் சடங்கு, அதாவது நீர்மாலை, வாய்க்கரிசி, குடம் உடைப்பது, கற்பூரம் காட்டுவது எல்லாம் நம் கையில் இருப்பது. மண்டபத்தில் நமக்குத் தரும் நேரம் கொஞ்சம்தான், பின்னாலேயே அடுத்த குடும்பம் நிற்கும், அதனால் பெரும்பாலான சடங்கை வீட்டுக்குக் கீழேயே முடித்துவிட்டுப் புறப்படுவதுதான் இங்கே வழக்கம்.

தடை வரப் போவது பண்டாரத்திடமிருந்துதான். சிலர் "பங்காளி இருக்கும்போது பெண் எப்படி" என்று அந்த இடத்தில், பெட்டியைச் சுற்றி எல்லாரும் நிற்கும்போது ஆரம்பிப்பார்கள். சண்டை போட அது நேரமில்லை, நீங்கள் தோற்றுவிடுவீர்கள். அதனால் நிறுவனத்தைப் பேசும்போதே, "மகள்கள்தான் எல்லாம் செய்வோம், அதற்கு ஒத்துக்கொள்கிற பண்டாரமோ ஓதுவாரோ வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இருக்கிறார்கள், இப்போது நிறையவே இருக்கிறார்கள். பெரியப்பாவிடம் அப்பாவே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது, ஒரு போன் போதும். அந்த அண்ணன் வந்தால் வரட்டும், தூக்க நான்கு பேர் வேண்டுமே.

கேள்வி: மனைவியின் அஸ்தியை வீட்டில் வைத்திருக்கிறேன், ஐந்து மாதமாகிறது. மகன் ராமேஸ்வரம் என்கிறான், மகள் மண்டாயில் மாடம் வாங்கலாம் என்கிறாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை.
தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஐயா, தோன்றாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும். சட்டத்தில் அதற்குத் தடையில்லை, அவசரமும் இல்லை. அஸ்தி வீட்டில் இருக்கக் கூடாது என்று வருகிறவர் எல்லாம் சொல்வார்கள், தலையாட்டி அனுப்பிவிடுங்கள்.

விவரத்துக்காகச் சொல்கிறேன். அரசாங்க அஸ்தி மாடத்தில் ஒற்றை மாடம் 500 வெள்ளி, குடும்ப மாடம் 900. எந்த வரிசை, எந்த உயரம் என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமானால் மேலே 250. முட்டி வலி இருக்கிறவர்கள் அந்த 250 வெள்ளியைப் பார்க்காதீர்கள், கடைசி வரிசைக்குக் குனியவும் முடியாது, மேல் வரிசைக்கு எட்டவும் முடியாது. குடும்ப மாடம் எடுத்தால் பின்னால் உங்களுக்கும் இடம் இருக்கும், மகள் நினைப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டாள்.

கடல் என்றால், இங்கே அதற்கென்று ஒதுக்கியிருப்பது புலாவ் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் தள்ளி உள்ள இடம். படகுக்குத்தான் செலவு. சாம்பலும் பூவும் மட்டும் போகட்டும், கலசத்தையும் பிளாஸ்டிக் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். நிலத்தில் தூவும் தோட்டமும் இப்போது உண்டு. சுவா சூ காங்கில் 2021இல் திறந்தார்கள், மண்டாயிலும் ஒன்று இருக்கிறது, கட்டணம் 320 வெள்ளி. மண்ணில் தூவித் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். எல்லா மதத்தாருக்கும் பொதுவான இடம் என்பதால் விளக்கு, படையல், பெயர்ப்பலகை எதுவும் கூடாது. பூ வைக்கக்கூட ஓர் இடமில்லையே என்று ஏங்குகிற ஆள் நீங்கள் என்றால் அது உங்களுக்குச் சரிவராது.

ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோவதென்றால் இறப்புச் சான்றிதழ், தகனச் சான்று, இந்தியத் தூதரகத்தின் கடிதம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, கைப்பையில் கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் மாடத்திலும் கொஞ்சம் ராமேஸ்வரத்திலும் என்று பிரித்துச் செய்கிறவர்களும் உண்டு. பிள்ளைகள் இருவரையும் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டு, அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள், உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். எரிக்கலாமா, எரித்த சாம்பலைக் கடலில் தூவலாமா?
உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: 1963இலிருந்து திருச்சபை எரியூட்டலை அனுமதிக்கிறது. தூவுவதை அனுமதிக்கவில்லை, 2016இல் வத்திக்கான் அதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. சாம்பல் புனிதமான ஓரிடத்தில் இருக்க வேண்டும். இங்கே சில ஆலயங்களிலேயே அஸ்தி மாடம் இருக்கிறது, பங்குத் தந்தையிடம் கேளுங்கள்.

கேள்வி: அண்ணே, என்னோடு விடுதியில் இருந்தவர், புதுக்கோட்டைப் பக்கம், போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டில் உடலைத்தான் கேட்கிறார்கள். கம்பெனியில் இங்கேயே எரித்துச் சாம்பலை அனுப்பலாம், செலவு குறைவு என்கிறார்கள். நாங்கள் எல்லாரும் காசு போட வேண்டுமா?
பெயர் வேண்டாம், துவாஸ்

பதில்: தம்பி, வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் இறந்தால் புதைக்கவோ எரிக்கவோ ஊருக்கு அனுப்பவோ ஆகும் செலவு முதலாளியுடையது. மனிதவள அமைச்சு விதிக்கும் நிபந்தனை அது. நீங்கள் காசு போட்டுக் குடும்பத்துக்கு அனுப்புவது தனி, அதைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பெட்டிச் செலவுக்கு அந்தக் காசு போக விடாதீர்கள். கம்பெனி இழுத்தடித்தால் மனிதவள அமைச்சுக்கோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ போன் செய்யுங்கள்.

தூக்கத்தில் போனவர் என்பதால் மரண விசாரணை முடிந்து உடலை விடுவிக்கும்வரை காத்திருக்க வேண்டிவரும், ஊரில் "இன்றைக்கு வரும், நாளைக்கு வரும்" என்று தேதி சொல்லாதீர்கள், அங்கே பந்தல் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். விடுவித்த பிறகு உடலைப் பாடம் செய்து, மூடி முத்திரையிட்ட பெட்டியில் வைத்து, சுற்றுப்புற வாரியத்தின் ஏற்றுமதி அனுமதி, பாடம் செய்ததற்கான சான்று, இறப்புச் சான்றிதழ், இந்தியத் தூதரகத்தில் கடப்பிதழை ரத்துசெய்து வாங்கும் கடிதம் இவ்வளவும் சேர்த்து விமானச் சரக்கில் ஏற்ற வேண்டும். இந்த ஓட்டத்தை நீங்கள் ஓட வேண்டாம், இதற்கென்றே பழகிய நிறுவனங்கள் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் உண்டு. திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, மதுரையை விட உங்கள் நண்பர் வீட்டுக்கு அதுதான் கிட்டே. அங்கே சரக்குப் பிரிவில் வாங்க வருகிறவர் தன் அடையாள அட்டையோடு வர வேண்டும், ஆம்புலன்ஸை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்று. வேலை காரணமாக இறந்திருக்கக்கூடும் என்று சந்தேகம் இருந்தால் இழப்பீடு கேட்க ஓராண்டுதான் அவகாசம். குடும்பத்திடம் யாராவது தாள் நீட்டிக் கையெழுத்து கேட்டால் படிக்கத் தெரிந்தவரைக் காட்டாமல் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருடைய பெட்டி, கைப்பேசி, சம்பள பாக்கி எல்லாவற்றையும் ஒரு பட்டியல் எழுதி, நீங்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பாட்டி எப்போதும் வெற்றிலைப் பெட்டியும் கையுமாக இருப்பார். அதைக் கூடவே வைத்து அனுப்பலாமா?
ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: பித்தளைப் பெட்டி என்றால் மண்டாய்க்கு வேண்டாம். உலோகம், கண்ணாடி பாட்டில், பேட்டரி எதையும் சவப்பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். பாட்டிக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் அதை எடுத்த பிறகுதான் எரியூட்ட முடியும், உலைக்குள் வெடித்துவிடும், முதலிலேயே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

பெட்டியை நீங்கள் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் அனுப்புங்கள். இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு, வாழையிலைத் துண்டில் மடித்து வலது கைப்பக்கம். சுண்ணாம்பு தடவி மடியுங்கள், இல்லையென்றால் பாட்டி அங்கே போயும் கேட்டுக்கொண்டிருப்பார்.